நாற்பத்திரண்டு

பகாவில் சாயங்காலம் பிடித்த மழை.
செம்பனை லோரிகள் சந்தியில் தேங்கி நிற்க
மருதாயி பால் கொண்டு வந்தாள்,
மாதிரிக்கு இரண்டு லிட்டர்.
வாழையிலைக் கடைக்காரருக்குப் பிடித்தால்
தினமும் எடுப்பாராம்.

பெட்டிக்கு ஒரே தகடு, தீப்பெட்டி அகலம்.
மின்சாரம் இப்படி ஓடினால் உள்முகம் சுடும்,
திருப்பி விட்டால் அதே முகம் குளிரும்.
உறைய நாற்பத்திரண்டு. உறைந்ததும் பத்து.

திருப்புவதற்கு நாலு டிரான்சிஸ்டர்.
ஒரு பக்கத்து மேலதும் கீழதும்
கண்ணிமைக்கும் நேரம் சேர்ந்து திறந்தாலும் புகைதான்.
பதினெட்டு ரிங்கிட் அப்படிப் போனது.
இப்போது ஒன்றை மூடி, பொறுத்து,
மற்றதைத் திறக்கிறேன்.

போன வாரம் உறை செத்தது:
எட்டாத டிகிரிகளையெல்லாம்
கூட்டிக் கூட்டி வைத்திருந்த என் நிரல்
நாற்பத்திரண்டில் நிற்கத் தெரியாமல்
ஐம்பதுக்கு ஓடிவிட்டது.
கூட்டலுக்கு ஒரு வரம்பு போட்டேன்.

குளிர் போதவில்லை, இன்னும் ஏற்று என்றாள்.
ஏற்றினேன். ஆறு ஆம்பியரைத் தாண்டியதும்
உள்ளே வெப்பம்தான் ஏறியது.
தள்ளுகிற கையே கொதித்தால்
எதை வெளியே தள்ள?
"கடனை அடைக்கக் கடன்," என்றாள் மருதாயி,
மூன்று மாதம் நான் படித்ததை.

இரவு இரண்டு மணி.
வெளிப்பக்கத்து அலுமினியச் செதில்கள்
இதுவரை சில்லென்று வியர்த்திருந்தன.
மல்டிமீட்டரை நான் எடுப்பதற்குள்
அஞ்சடியில் நனைந்து கிடந்த பூனை எழுந்து வந்து
விசிறிக்கு எதிரே சுருண்டுகொண்டது.

சரி,
திசை மாறிவிட்டது.