மூன்று செண்டு, வழி உட்பட

அஞ்சுகிராமம் தாண்டி ஒரு மனைப்பிரிவில்
செண்டு எண்பதாயிரம் என்றார்கள்.
கலர்க்கொடி கட்டி, மோரும் தந்தார்கள்.
திரும்பும்போது பிரைட்சன்
விரல்விட்டு எண்ணினார்:
அங்கிருந்து தக்கலை ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ்.
நைட் டூட்டி முடிந்து நான் வந்து சேர்வதற்குள்
பிள்ளை பள்ளிக்கூடம் போயிருப்பான்,
அல்லது போகாமல் இருந்திருப்பான்.

இங்கே முளகுமூட்டில்
செண்டு நாலரை லட்சம்.
மஸ்கட்டிலிருந்து ஒருவன்
மண்ணை மிதித்துப் பார்க்காமல்
போனிலேயே விலை ஏற்றுகிறான்.
எங்களுக்குப் பதினோரு வருடத்தில் நாலு வாடகை வீடு.
நாலிலும் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.

ஏன் இந்த இடம்தான் வேண்டும் என்று
பேங்கில் கேட்டார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தால் எழுதியிருப்பேன்:
என் பிள்ளை இருமினால்
ஹெலன் மயினியின் அடுக்களையில் கேட்கும் தூரம்.

மயினி மகள் கல்யாணத்துக்குப் போட்டிருந்த சீட்டைத்
தள்ளி எடுத்தாள்.
எழுபதாயிரம் தள்ளுப் போயிற்று.
"அதையெல்லாம் எழுதி வைக்காத."
எழுதி வைத்திருக்கிறேன்,
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

ததேயுஸ் சித்தப்பா சொன்னார்:
"செண்டுக்கு மூணேகால் தா.
மஸ்கட்டுகாரன் வந்து எனக்குச் சுகர் பாப்பானா?"
அவர் மகன்கள் இருவரும்
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.
அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை,
பெருக்கிப் பார்த்தால் மூன்றே முக்கால் லட்சம்.

பிறகு வக்கீல் சொன்னார், வழி இல்லை என்று.
ஆள் போகும் வழி உண்டு, ஆட்டோ போகாது;
ஆட்டோ போகாத மண்ணுக்கு லோன் இல்லை.
தேவைப்படுவது நாலு அடி.
அது கிறிஸ்துதாஸ் அண்ணன் புரையிடம்.
அயனி மரத்துச் சண்டைக்குப் பிறகு
மூன்று வருடமாக அவரோடு பேச்சில்லை.
கோயிலில்கூட
நாங்கள் இருக்கும் பக்கம் திரும்பமாட்டார்.

யார் போய்ச் சொன்னார்களோ. நான் இல்லை.

ரிஜிஸ்டர் ஆபீசில்
அயர்ன் பண்ணாத சட்டையில் வந்து நின்றார்.
எழுத்தர் வாசித்தார்:
கிழக்கே ததேயுஸ் வகை,
தெற்கே ஹெலன் வகை மதில்,
மேற்கே ஓடை,
வடக்கே கிறிஸ்துதாஸ் வகை, நாலடி வழி உட்பட.
அண்ணன் பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டு
எழுத்தரிடம் மட்டும் சொன்னார்:
"மரத்த வெட்டமாட்டேன்."

மாதம் எட்டாயிரத்து நூறு, பதினெட்டு வருடம்.
முடியும்போது எனக்கு ஐம்பத்திரண்டு.
வீடு கட்டுவதற்கு இன்னொரு லோன்;
அதைப் பற்றி பிரைட்சன்
ராத்திரியில் பேசக்கூடாது என்றிருக்கிறார்.

நேற்று எல்லைக்கல்லுக்குப் பொட்டு வைக்கப் போனபோது
நாலடி வழியின் நடுவில்
பழுத்து உடைந்து கிடந்தது ஓர் அயனிச்சக்கை.
எறும்பு மொய்க்கிறது.
"யாருக்குள்ளது?" என்கிறான் பிள்ளை.
ஆதாரத்தைப் பிரித்து
இரண்டு முறை வாசித்துவிட்டேன்.
அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.