தோன்றா எழுவாய்

ஹாமில்டனில் செவ்வாய்க்கிழமை, எட்டரை மணி.
"வசு, கூட்டக் குறிப்பு நீங்களே எடுத்துவிடுங்களேன்,
உங்கள் எழுத்து தெளிவு" என்றார் ரசல்.
மடிக்கணினியில் தட்டுவதில்
எழுத்துத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று
பதினோரு வருடமாய் நான் கேட்கவில்லை.

பாலங்களைச் சோதிப்பது எங்கள் வேலை.
குளிர்காலம் முழுக்க இந்த ஊர்
சாலைக்கு உப்பிடுகிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பாலங்கள் நினைக்கின்றன,
கம்பி கம்பியாய், துருவாய்.

அன்று நான்தான் சொன்னேன்:
மூன்றாம் தூணின் தாங்கி இறுகிவிட்டது.
வெயிலில் நீள, பனியில் குறுக
பாலத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.
விரிசல் பாரத்தால் இல்லை,
நகர விடாததால்.

யாரோ கோப்பையை மேசையில் வைத்தார்.
யாரோ வாகன நிறுத்தம் பற்றிக் கேட்டார்.
நாலு நிமிடம் கழித்து
(நேரம் குறிப்பவளும் நானே)
பிரென்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு
"எனக்கென்னவோ தாங்கி இறுகியிருக்கும்னு தோணுது" என்றான்.
அறை தலையாட்டியது.
அவனுக்குத் தோன்றினால் போதும்.
எனக்கு அளவும் படமும் அட்டவணையும் வேண்டும்,
இருந்தன, கோப்பில், இருபத்தாறு பக்கம்.

போன வருட மதிப்பீடு: இன்னும் வாய்திறந்து பேசலாம்.
இந்த வருடம்: பேச்சில் கடுமை தெரிகிறது.
இரண்டுக்கும் நடுவே ஓர் உயரம் இருக்கத்தான் வேண்டும்,
ரசமட்டம் வைத்துப் பார்த்தும் அகப்படவில்லை.

சட்பரியில் ஓர் ஒப்பந்தக்காரர்
மூன்று மாதம் எனக்குத் 'திரு. வசு' என்றே எழுதினார்.
கேட்ட விலைப்பட்டியல் கேட்ட அன்றே வந்தது.
ஒருநாள் தொலைபேசியில்
"வசுவிடம் கொடு கண்ணு" என்றார்.
கொடுத்தேன்,
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு.
அடுத்த பட்டியல் வர ஒன்பது நாள்.

எட்டாம் வகுப்பில் படித்த இலக்கணம்
இந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.
'சொன்னாள்' என்றால்
பெயர் இல்லாவிட்டாலும்
வினையின் கடைசியில் ஓர் 'ஆள்' நிற்கிறாள்.
தோன்றா எழுவாய் என்று அவளுக்குப் பேர்.
நான் தட்டுவதோ
முன்வைக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது.
பட்டது யார் என்று
எந்த வரியிலும் இல்லை.
எழுவாய் என்கிற சொல்லே
ஒருத்தியைப் பார்த்துச் சொல்வது போலிருப்பதை
அப்போது கவனிக்கவில்லை, மதிப்பெண் அவசரம்.

அன்றிரவு
என் வாக்கியங்கள் எத்தனை தொலைந்தன என்று
பழைய குறிப்புகளைத் திறந்தேன்.
வழக்குத் தொடுப்பவள்போல, கோபத்தோடு, தேநீரோடு.
செப்டம்பர், நான்காம் பொருள்:
"வடிகுழாய் நேராகத் தாங்கியின்மேல் ஊற்றுகிறது. ரசல்."

ரசல் இல்லை அது.
மாரிசெல்.
நாற்காலி போதாமல் கதவோரம் நின்றபடி,
காலணியில் ஆற்றுச் சேறு காயாமல்,
பாலத்தடியிலிருந்து நேரே வந்தவள்
இரண்டு முறை சொன்னாள்.
அவள் பேச்சு எனக்குக் கேட்டிருக்கிறது.
ரசல் அதைத் திருப்பிச் சொன்னபோது
என் விரல்கள் ஓடியிருக்கின்றன.
தட்டியது நான்.
யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேநீர் ஆறிவிட்டது.

ஒப்புதலான குறிப்பை விசைப்பலகையால் மாற்ற முடியாது,
கூட்டத்தில் வாயால்தான் சொல்ல வேண்டும்.
"போன குறிப்புகளில் திருத்தம் உண்டா?"
ரசல் பதிலுக்கு நிற்கிற ஆள் இல்லை,
அதற்குள் அடுத்த பக்கம் புரட்டிவிட்டார்.

"உண்டு" என்றேன்.
"இரண்டு. முதலாவது செப்டம்பரில்."

கதவோரம் மாரிசெல் நிமிர்ந்தாள்.
சன்னலுக்கு வெளியே உப்பு வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி போனது.
முழுதும் சொல்லி முடித்தேன், பெயரோடு, தேதியோடு.
குரல் கடுமையா மெல்லியதா தெரியவில்லை.

"சரி" என்றார் ரசல், மேசையைச் சுற்றிப் பார்த்தார்.
"இதை யார் குறித்துக்கொள்வது?"

என் கைகள் இரண்டும்
மடியில் இருந்தன.