கவர்னர் விருந்துண்டார்

நகரியில் தறிக்கூடத்துக்கு மேல்மாடி.
கீழே நாற்பது விசைத்தறி,
மேலே ஒன்பது பேர், ஒன்பது திரை.
ஆயிரம் எழுத்துக்குப் பதினோரு ரூபாய்.

இன்றைக்கு எனக்கு வந்தவர்
சைலஸ் ஹாக்வெல் என்கிற அமெரிக்கக் கவர்னர்.
எந்த மாநிலமென்று தெரியவில்லை,
ஸ்கேன் எடுத்தவனின் கட்டைவிரல்
அதன்மேல் படுத்திருக்கிறது.

தோல் பதனிடுகிறவன் மகன்.
குளிர்காலத்தில் வாத்தியார், கோடையில் வக்கீல் குமாஸ்தா.
சட்டசபைக்கு நின்று இரண்டுமுறை தோற்று
மூன்றாம் முறை,
எதிராளியை ஆறு கொண்டுபோனதால், ஜெயித்தவர்.
1856இல் கவர்னர்.
ரயில் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிற மசோதாவை
மூன்று தடவை திருப்பி அனுப்பினார்,
நாலாம் தடவை கையெழுத்துப் போட்டார்.
ஏனென்று புத்தகம் சொல்லவில்லை.
அடுத்த வருஷம் ஒரு ஸ்டேஷனுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.
அதைச் சொல்கிறது.

மனைவி லவினியாவுக்கு அரை வரி:
மணந்தார், பிள்ளைகள் ஏழு, தங்கியது இரண்டு.
அதை அடித்தால்
எனக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது.

கடைசி வரியில்தான் தகராறு.
1871 மார்ச்சில், சொந்த வீட்டில், விருந்துண்டார்
என்று அச்சாகியிருக்கிறது.
இங்கிலீஷில் அதற்கும் சாவுக்கும்
ஓர் எழுத்துதான் கூடக்குறைய.
அந்த எழுத்தை எடுத்தேன்.
மணி நாலு பத்துக்குக் கவர்னர் இறந்தார்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிப்போம்,
பொருந்தாத இடம் சிவக்கும்.
பக்கத்து நாற்காலி ரெட்டெம்மா
அவரைச் சாப்பாட்டிலேயே உட்கார வைத்திருந்தாள்.
"திననீ அக்கா, நீக்கேமி?"
தின்றுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.
ஆனாலும் செத்தவர் செத்தவர்தானே.

முனிரத்தினம் சார் படியேறி வந்தார்,
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார்.
"செத்தாரோ சாப்ட்டாரோ, நமக்கெதுக்கு?
கண்ணுல பட்டதை அடி.
திருத்தினா காசு பிடிப்பான்."

எழுத்தைத் திரும்ப வைத்தேன்.
சிவப்பு போனது.
கணக்கில் ஒரு பைசா ஏறியிருக்கும்.

ஆறரை மணி பஸ், பள்ளிப்பட்டு.
பலகைகள் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறுகிற இடத்தில்
போன் ஒருமுறை அதிர்ந்து என்னை வரவேற்கிறது,
தினமும் புதிதாய் வருகிறவளைப்போல.
கொசஸ்தலை மணலில் லாரிச் சுவடு.
பசிக்கிறது.

நூற்றைம்பது வருஷமாய்
ஒருத்தர் மேசையைவிட்டு எழவில்லை.
லவினியா பரிமாறிக்கொண்டிருப்பாள்,
அரை வரிக்குள் நின்றபடி.
நான் போய்
இனிமேல்தான் உலை வைக்கணும்.