கொப்பித்தாள்

யன்னலோரம் என் மேசை.
நொத்தாரிசு ஐயா கண்ணாடியைத் தேடும் நேரத்தில்
தாளை வெளிச்சத்துக்குப் பிடிப்பது என் வேலை.

பழகிவிட்டது.
கஸ்தூரியார் வீதியில் மிச்சக்காசு வாங்கினாலும்
ஆயிரம் ரூபாயைத் தூக்கிப் பார்க்கிறேன்,
உள்ளே குருவி இருக்கிறதா என்று.
கடைக்காரர் கோவிக்கிறார்.
குருவி கோவிப்பதில்லை.

நீர்க்குறி என்று பெயர்.
மை இல்லை, அச்சு இல்லை.
கூழ் ஈரமாய்க் கிடக்கையில்
வளைத்த கம்பி ஒன்று அழுத்திப் போகிறது.
அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிகிறது.
மெலிந்த இடத்தால் வெளிச்சம் வருகிறது,
அவ்வளவுதான்.
அந்தக் குறைச்சலைத்தான்
கோட்டில் சாட்சி என்கிறார்கள்.

நேற்று இரண்டு உறுதிகள் வந்தன,
அரியாலையில் ஒரே நாலு பரப்புக்கு.
ஒரே திகதி: தொண்ணூற்றிரண்டு, ஆவணி பதினொன்று.
பதிவுப் பிரதி எரிந்து கனகாலம்.

குகதாசன் கொண்டுவந்தது தடித்த தாள்.
மடித்த இடமும் வெடிக்கவில்லை.
தூக்கிப் பிடித்தேன்.
நடுவில் கிரீடம், கீழே ஆலையின் பெயர்,
ஒரு எழுத்தும் பிசகாமல்.

இராசமலர் அக்காவினது
ஒற்றை றூள் கொப்பித்தாள்.
இடப்பக்கம் சிவப்புக் கோடு,
கம்பி கழற்றிய துளை இரண்டு.
தூக்கிப் பிடித்தேன்.
எல்லா இடத்தாலும் ஒரேமாதிரி வெளிச்சம்.

"ஒண்டும் இல்லையே" என்றார் குகதாசன்,
நான் வாய் திறக்க முதலே.

ஐயா கண்ணாடியைப் போட்டார்.
தொண்ணூற்றிரண்டில் ஜாம் போத்தல் விளக்கில்
உறுதி எழுதியவர்.
"சவுக்காரமும் பற்றரியும் வராத ஊருக்கு
இந்தத் தாள் எதிலை வந்தது, தம்பி?"
மெதுவாகத்தான் கேட்டார்.

"கொழும்பிலையிருந்து ஒராள் கொண்டந்தது."

வந்திருக்கலாம்.
கிளாலிக் கடலில், இரவில்,
யாரோ ஒருவரின் மடியில், நனையாமல்.
நான் என்னத்தைக் கண்டேன்.

அக்காவின் தாளில்
கீழ்ப்பாதி முழுக்க மண்ணிறமாய் ஒரு நெளிகோடு.
அதற்குக் கீழே மை ஊறி, ஊதாவாகி,
சாட்சிக்காரரின் கையெழுத்து ஒன்று கரைந்திருந்தது.
இது என்ன என்று கேட்டேன்.
"நாவற்குழிப் பாலத்திலை நிண்டது, பிள்ளை.
விடிய விடிய மழை.
சட்டைக்குள்ளைதான் வைச்சிருந்தனான்."

படிவத்தில் 'நீர்க்குறி' என்றொரு கட்டம்.
குகதாசனுக்கு 'உண்டு' என்று எழுதினேன்.
மற்றதற்கு இன்னும் எழுதவில்லை.
பேனையின் மூடி கையில் இருக்கிறது.

"அடுத்த தவணை எப்ப?" என்கிறா அக்கா.
"எழுநூற்றைம்பது வந்திடும், பிள்ளை,
அதை விட்டால் பிறகு பஸ் இல்லை."