தாமதத்துக்கான காரணம்

எங்கள் ஊர் கடலைவிடத் தாழ்ந்தது.
நீகாட்டாவின் நெல்வயல்களுக்கு அடியில்
ஒரு பழைய சதுப்பு இன்னும் காயவில்லை.
மழை பெய்தால் போதும்,
தன் இடத்தைக் கேட்டு வந்துவிடும்.
அதைத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம்.

மூன்று பம்புகள், ஒரு நாற்காலி,
கெட்டில், பதிவேடு, இரவுப் பணிக்கு நான்.

பள்ளம் தேடிப் போவது தண்ணீரின் குணம்.
அதுபோல் இருக்கச் சொல்கிறது தாவோ.
அந்தத் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளிச்
சம்பளம் வாங்குகிறவள்
எந்த முகத்தோடு ஹைக்கூ எழுதுவது?

மூன்றாம் சனிக்கிழமைகளில்
அரிசிக்கடை மாடியில் கூடுவோம், எட்டுப் பேர்.
பெயரில்லாத துண்டுத்தாள்களைக் கலைத்துப் போட்டு
பிடித்ததற்கு வாக்கு.
செப்டம்பரில் நான் எழுதியது:

அசையாத குளம்
அசையாதிருக்க முயலும்
என் நிழல்

குவாயாமா பல் மருத்துவர்.
யார் எழுதியதென்று தெரியாமலே
என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"முயலும். இதுதான் சொத்தை."
பிடுங்கிப் பார்த்தேன்.
மற்றவையும் ஆடின.

அப்புறம் ஒரு மாதம் சும்மா இருந்து பழகினேன்.
தினம் பத்து நிமிடம், டைமர் வைத்து.
டைமர் இன்னும் அடிக்கவில்லை என்பதைத்தான்
பத்து நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
விரல்கள் தாமாக மடங்கின:
ஐந்து, ஏழு, ஐந்து.
கையுறைக்குள்ளும்.

அக்டோபர் பதினெட்டு, இரவு இரண்டே முக்கால்.
மழை, சாய்வாக.
குப்பை வாரும் இரும்புச் சீப்பை ஓட்டிவிட்டுத்தான்
மூன்றாம் பம்பைப் போட வேண்டும்.
சுவிட்சில் கை வைத்துவிட்டு
ஜன்னல் வழியே டார்ச் அடித்தேன்.

சீப்பின் பல்லில் ஓர் இராக்கொக்கு.
கழுத்தே இல்லாதது போல் உட்கார்ந்திருந்தது.
வைக்கோல், பிளாஸ்டிக் புட்டி,
யாரோ ஒரு பிள்ளையின் மஞ்சள் செருப்பு
எல்லாம் அதன் காலடியில் சேர்ந்துகொண்டிருந்தன.

மட்டம் சிவப்புக் கோட்டைத் தொட்டது.
தாண்டியது, ஒரு சென்டிமீட்டர்.
தத்துவம் ஒன்றும் நினைவில் இல்லை.
ஹசேகாவா வீட்டுக் கத்தரிப் பாத்தி நினைவுக்கு வந்தது,
முதலில் முங்குவது அதுதான்.
இரண்டு சென்டிமீட்டர்.
கை சுவிட்சில் இருந்தது.
அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

பிறகு கொக்கு போயிற்று.
பறந்ததென்று சொல்ல முடியாது.
இருந்த இடத்தில் மழை பெய்தது.

சீப்பை ஓட்டினேன். பம்பைப் போட்டேன்.
பதிவேட்டில் கட்டம் கட்டமாக நிரப்பினேன்:

2:49. மூன்றாம் பம்ப்.
தாமதம் நான்கு நிமிடம்.
காரணம்: கொக்கு.

கேள்வி வருமென்று
இரண்டு நாள் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.
மேலதிகாரி ஒன்றும் கேட்கவில்லை.
"கொக்கு" என்பதன் பக்கத்தில்
வட்டமாய், சிவப்பாய், சற்றே கோணலாய்
அவருடைய முத்திரை.
கத்தரிப் பாத்திக்கும் ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை
பேரிக்காய் மரத்தைப் பற்றி ஒன்று கொண்டுபோனேன்.
பதினேழு அசையும் சரியாக இருந்தன.
வாக்கு ஒன்றுகூட விழவில்லை.
குவாயாமாவுக்கு ஐந்து.
படியிறங்கும்போது இட்சுகோ
வெடித்த தக்காளி மூன்றைக் கையில் திணித்தாள்,
விற்க முடியாதவை, இனிப்பானவை.
நடந்துகொண்டே தின்றேன்.
சாறு முழங்கை வரை வழிந்தது.

கொக்கைக் கூட்டத்தில் சொல்லவில்லை.
அது கவிதையா என்று கேட்டால்
இல்லையென்றுதான் சொல்வேன்.
பதிவேடுகள் ஐந்து வருடம் அலமாரியில் இருக்கும்.
அப்புறம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இன்றும் மழை.
கெட்டில் கொதிக்கத் தொடங்கிவிட்டது.
மட்டம் ஏறுகிறது, அதன் வேலை அது.
11:15. முதல் பம்ப்.
தாமதம் இல்லை.
காரணத்துக்கான கட்டம்
காலியாக இருக்கிறது.