இரவுக்காரி

காதுக்குப் பின்னால் உளுந்தளவில் ஒரு மணி.
பெட்டியில் மூன்று மொழியிலும் பெயர் போட்டிருந்தது,
தமிழில் மட்டும் "திறுத்தி" என்று.
சிரித்தேன். ஆனாலும் ஒட்டிக்கொண்டேன்.
பன்னிரண்டு தவணையில் அம்மா கட்டுகிறாள்
பிரதான வீதிப் புடவைக்கடையில்
நின்று வீங்கிய காலோடு.

எனக்கு உயர்தரம் இரண்டாம் முறை.
யாராவது பெயர் கேட்டால்
வாய் முதலெழுத்திலேயே இறங்கிவிடும்.
மி. மி. மி.
பிறகு ஒரு மன்னிப்பு, அது மட்டும் திக்காமல்.

அதைத்தான் முதலில் கழற்றச் சொன்னேன்.
ஏழாம் நாள்
நூறாம் நம்பர் பஸ்ஸில்
மிச்சக்காசு கேட்டேன் ஒரே மூச்சில்.
கொண்டக்டர் கேட்காமலே
மிதுஷா பெனடிக்ற் என்றும் சொன்னேன்.
அவர் விசில் ஊதினார்.

பிறகு நகம் கடிப்பதைக் கொடுத்தேன்.
லிப்டுக்குள் வரும் பயத்தைக் கொடுத்தேன்.
யோசித்துக்கொண்டே யன்னலில் நிற்பதை,
அது வீண் என்று போன் சொன்னதால், கொடுத்தேன்.
அறுபத்தொன்று, எழுபத்தெட்டு,
தொண்ணூற்று நான்கு.
புள்ளி ஏற ஏற
ரியூஷன் வகுப்பில் முன்வரிசை எனக்காக நகர்ந்தது.

ஒக்டோபரில்தான் கவனித்தேன்.
காலையில் என் நகங்கள் கடித்திருந்தன.
செருப்பில் கடல்மணல்.
நான் தொடவே தொடாத வெரளிக்காய் அச்சாறு
சட்டைக் கையில் ஒரு மஞ்சள் சொட்டாய்.

போனை அலுமாரி மேல் சாத்திப் படம்பிடித்தேன்.
ஒன்று நாற்பதுக்கு எழும்புகிறாள்.
என் முகம், என் நீலச் சட்டை.
லிப்டைப் பார்த்துப் பின்வாங்கி
ஏழு மாடியும் படியால் இறங்குகிறாள்.

கம்பனிக்கு எழுதினேன். நொடியில் பதில்:
"எதுவும் அழிக்கப்படுவதில்லை,
நேரம் மட்டும் மாற்றப்படுகிறது.
இன்றைய புள்ளி தொண்ணூற்று நான்கு. வாழ்த்துகள்."
வாழ்த்தில் ஒரு பிழைகூட இல்லை.

கீழே வாட்ச்மேன் பியசேன
என்னைக் கண்டதும் கதிரையை நகர்த்தி இடம் விட்டார்.
பகலில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.
"தங்கச்சி ராத்திரி நல்லா கதை சொல்றது.
மெதுவா. கோச்சி போனா நிப்பாட்டுறது.
போன பிறகு திரும்பச் சொல்றது."

என்ன கதை?

தண்டவாளக் கட்டைக்கு அடியில் வாழும்
ஒரு நண்டாம்.
வெள்ளவத்தையில் நிற்காத கடுகதியெல்லாம்
தனக்குத்தான் கையசைத்துப் போகிறதென்று நம்புமாம்.
ஒரு நாள் அதில் ஏற வேண்டுமென்று
கடலை விட்டுவிட்டு
பிளாட்போம் வரைக்கும் நடந்து வந்ததாம்.
பிறகு?
"அது இன்னும் சொல்லல்ல" என்றார் பியசேன.
"ந... ந... என்று வரும்போது
நான் அவசரப்படுத்துறது இல்ல."

அறைக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன்.
தொண்ணூற்று நான்கை வைத்துக்கொண்டு
ஒரு நண்டையாவது யோசிக்கப் பார்த்தேன்.
இரசாயனத்தில் இரண்டு கடந்தகால வினாத்தாள்
முடிந்துவிட்டன.

அன்றிரவு மழை.
கதவடியில் குடையை வைத்தேன்,
அச்சாறுக்கு நூறு ரூபாய்,
பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி:
"பிளாட்போமுக்கு வந்த பிறகு என்ன ஆனது?"

விடிய எழும்பினேன். குடை நனைந்திருந்தது.
இருபது ரூபாய் மிச்சம், சில்லறையாக,
எண்ணி அடுக்கி.
என் கேள்விக்குக் கீழே
என் கையெழுத்தில், ஆனால் அவசரமில்லாத கையெழுத்தில்:

வ
வ
வா

எழுதும்போது யாரும் திக்குவதில்லை.
இவள் வேண்டுமென்றே திக்கியிருந்தாள்.
காதுக்குப் பின்னால் கையை வைத்தேன்.
மணி சூடாக இருந்தது.
கால்மிதியில்
செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்தபடி.