ஏழாம் பிரிவில் ஒரு கோடு

மசோதா மாலை ஆறு மணிக்கு வந்தது.
நூற்றுப் பதினாலு பக்கம், போர்த்துகீசியம்.
காலை ஒன்பதுக்கு வாக்கெடுப்பு.
"முடிந்தவரை பார், ஒலாந்தினா" என்று
குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார் செயலர்.
மொழிபெயர்ப்புப் பிரிவு என்பது
நான், ஒரு மேசை,
நகல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.
மின்சாரம் இருக்கும் இரவுகளில்
டிலியின் கடற்கரை விளக்குகள் அதில் தெரியும்.

தண்ணீர்ச் சட்டம்.
ஊற்று, தொட்டி, குழாய், மீட்டர்.
அபராதம் எனக்குப் பழகிய சொல்,
வேகமாகக் கடந்தேன்.
நள்ளிரவுக்குச் சற்று முன் ஏழாம் பிரிவு:
உடைந்த குழாயைச் சீர்செய்யும் செலவு 'நொஸ்ஸா'.
அங்கே கால் இடறியது.

போர்த்துகீசியத்துக்கு அந்த வீட்டில் ஒரே வாசல்.
யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்காது.
தெத்தும் கேட்காமல் விடாது.
எதிரில் நிற்பவரையும் சேர்த்தால் இத்தா,
அவரை நிறுத்திவைத்துப் பேசினால் ஆமி.
நாம்.
நாங்கள்.

இத்தா என்று எழுதினால்
ஐனாரோ மலையில் தண்ணீர்க் கேன் சுமப்பவளும்
காசு எடுத்து வைக்க வேண்டும்.
ஆமி என்றால் அரசாங்கம் கொடுக்கும்.
மாதச் சம்பளக்காரி ஒருத்தியின்
பேனா முனையிலா இவ்வளவு பணம்?

அமைச்சகத்துக்கு ஃபோன் அடித்து ஓய்ந்தது.
லிஸ்பனில் அப்போது மதியம் கழிந்த நேரம்;
வரைவு எழுதிய ஆலோசகர் எடுத்தார்.
அன்பாகத்தான் பேசினார்.
"இரண்டும் ஒன்றுதானே, அம்மா?"

ஆறிய காபியைக் குடித்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.
அடியில் சின்ன எழுத்தில்:
இதை அவை நிரப்ப வேண்டும்.

முப்பத்தொன்றாம் பிரதியில்
டோனர் தீர்ந்து இயந்திரம் நின்றது.
அதனால் இருவருக்கு ஒரு பிரதி.
தேர்தலுக்குப் பின் முகம் பார்த்துப் பேசாத
விர்ஜீலியோவும் பால்பினாவும்
ஒரே தாளுக்குத் தலை குனிந்தார்கள்.

சபாநாயகர் வழக்கம்போல ஓடினார்:
"ஆறு, எதிர்ப்பு இல்லை, நிறைவேறியது,
ஏழு, எதிர்ப்பு இல்லை, நிறை..."
பால்பினா கையைத் தூக்கினார்.
"ஐயா, இங்கே ஒரு பல் விழுந்திருக்கிறது."

சிரித்தார்கள். அப்புறம் தாளைப் புரட்டினார்கள்.
"ஆமி" என்றார் விர்ஜீலியோ.
"இத்தா!" என்று பின்வரிசையில் ஒரு குரல்.
"இந்த அறைக்குள் எதற்கெடுத்தாலும் ஆமிதான்" என்றார் பால்பினா.
"ஓட்டுக் கேட்கும்போது மட்டும் இத்தா."
மேசைகள் அதிர்ந்தன.
அந்த இரைச்சலில் யாரோ கேட்டார்,
ஒரு குழாயின் விலை என்ன?

யாருக்கும் தெரியவில்லை.
நிதித் துறைக்கு ஆள் போனது.
சாப்பாட்டு மணிக்கு முன்பே எழுந்துவிடும் மூவர்
அன்று எழுந்திருக்கவில்லை,
விலை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.
அது வந்தபோது மணி இரண்டு,
எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாக்கெடுப்பு பதினாறு நாள் தள்ளிப்போனது.
குழு ஒன்று ஐனாரோவுக்கு ஜீப்பில் ஏறியது.
'ஒரு சொல்லுக்கு ஒரு நாள்' என்று
பத்திரிகை கிண்டலடித்தது.
செயலர் என்னைக் கூப்பிட்டு
"நிரப்புவதுதான் உன் வேலை" என்றார்.
மன்னிப்புக் கேட்டேன்.
கையோடு இன்னொரு ஆளும் டோனரும் கேட்டேன்.
டோனரை மட்டும் குறித்துக்கொண்டார்.

கடைசியில் கோட்டின் மேல் எழுதியது இது:
ஆமி ஐந்தில் நான்கு பங்கு,
இத்தா ஐந்தில் ஒன்று,
கணவனை இழந்தவர்களுக்கு அதுவும் இல்லை.
படிக்க அழகான வாக்கியம் இல்லை.
மூச்சு வாங்குகிறது, கமா அதிகம்.
ஆனால் கேன் சுமப்பவள்
தான் எங்கே நிற்கிறாள் என்று
அதில் விரல் வைத்துக் காட்ட முடியும்.

அடுத்த மசோதா, மீன்பிடி உரிமம்,
எண்பது பக்கம்.
மாலை நாலு மணிக்கே வந்துவிட்டது.